காதுக்குறி இல்லாதவை

பெயர் வைத்த ஞாயிற்றுக்கிழமையே
எனக்கொரு காதுக்குறியும் கொடுத்தார்கள்.
இடக்காதில் நுனிவெட்டு, அதன் கீழே ஒரு கொக்கி,
வலக்காதின் பின்புறம் இரண்டு பல்.
பதிவேட்டில் ரிஸ்தென் என்று எழுதி
பக்கத்தில் இரண்டு பனிமான் காதுகளை வரைந்தார்கள்.
இன்றும் கையெழுத்துப் போடும்போது
பேனா முதலில் அந்தக் காதைத்தான் போடப் பார்க்கிறது.

சூரியன் படுக்காத ஜூன் இரவுகளில்
மந்தையைப் பட்டிக்குள் விடுவோம்.
எந்தக் கன்று எந்தப் பிணையின் பின்னால் ஓடுகிறது
என்று பார்ப்பதுதான் வேலை. கத்தி பிறகு.
தடம் தெரிந்தால் தாய் தெரியும்,
தாயின் காது தெரிந்தால் சொந்தக்காரர் தெரியும்.
வெட்டிய துண்டுகளை என் தம்பி ஜொவ்னா நூலில் கோப்பான்.

இப்போது ஓவ்லு நகரத்து அடித்தளம் ஒன்றில்
லேசர் ஒளியின் இரண்டு குழிகளுக்குள்
இரண்டு லித்தியம் அணுக்களை வைத்திருக்கிறேன்.
குளிர் என்றால் எங்கள் ஏரி உறையும் குளிர் அல்ல,
அசையவே கூசும் குளிர்.
குழிகளை நெருக்குகிறேன். அலைமேல் அலை படிகிறது.
பிரிக்கிறேன்.
இடப்பக்கம் ஒன்று. வலப்பக்கம் ஒன்று.

"எது எது?" என்றான் ஜொவ்னா தொலைபேசியில்.

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன்.
அது பொய்யாகிவிடும்.
தெரியாது என்றால் தெரிந்துகொள்ள ஏதோ இருக்கிறது.
மூடுபனியில் இரண்டு கன்றுகள் குறுக்கே ஓடினால்
எனக்குத் தெரியாது, பிணைக்குத் தெரியும்,
பிணை ஏமாந்தாலும்
ஈரப் பாசியில் குளம்பு பதிந்திருக்கும்.
இங்கே தாய் இல்லை. பாசி இல்லை.
குறி வெட்டக் காதே இல்லை.
இதை அங்கே, அதை இங்கே மாற்றி வைத்தால்
புது ஏற்பாடு என்று கணக்கு ஒத்துக்கொள்வதில்லை,
ஒரு கழித்தல் குறியை மட்டும் போட்டுவிட்டுப்
பழைய பக்கத்தையே திருப்பிக் காட்டுகிறது.

"அப்படியானால் குறியில்லாத மிருகம்" என்றான்.
"சங்கத்துக்குச் சேரும். ஏலம் போடு."
நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.
அன்று பட்டியில் ஒரு பிணை,
இரு காதையும் ஏதோ கடித்துக் கிழித்து ஆறியிருந்தது.
தன்னுடையது என்றான் இவன். தன்னுடையது என்றார் ஆஸ்லக்.
இருவருமே பொய் சொல்கிறவர்கள் அல்ல.
கொம்பில் கயிறு போட்டு சங்கம் இழுத்துப் போனது.
"நெற்றியில் அந்த வெள்ளை, எனக்குத் தெரியாதா?
நான் பார்த்தால் அது திரும்பிப் பார்க்கும் அக்கா."

அவன் பிணைக்கு நெற்றி உண்டு,
பசித்த ஒரு குளிர்காலம் உண்டு.
அதற்குள் இருக்கும் எலக்ட்ரான்களில்
ஒன்றுக்குக்கூட வெள்ளை இல்லை.
அவன் கண்ணில் இருப்பவையும் அதே.
அதே என்பதுகூடத் தவறு,
அதே என்று சொல்ல முதலில் ஓர் 'அது' வேண்டும்.
சுட்டினால் விரல்தான் மிஞ்சும் இவற்றிலிருந்து
எந்தப் படியில் ஒரு பிணை திரும்பிப் பார்க்கத் தொடங்குகிறது,
எந்தப் படியில் நான் ரிஸ்தென்?

எங்கள் மொழியில்
ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே இருமை உண்டு.
இருவர் மட்டுமே இருக்கிற ஒரு 'நாம்': மொஆய்.
"வசந்தத்திலேயே மொஆய் அதைக் கவனித்திருக்க வேண்டும்"
என்றான் ஜொவ்னா.
வசந்தத்தில் நான் ஊருக்கே போகவில்லை.
அந்தச் சொல்லில் அவன் எவ்வளவு, நான் எவ்வளவு
என்று வகிர அதில் கத்தி இறங்கும் இடம் இல்லை.

மணி மூன்று. குறிப்பேட்டில் எழுதினேன்:
ஒன்று இடது, மற்றொன்று வலது.
'மற்ற' என்பதை அடித்தேன்.

ஊரில், கதவுக்குப் பின்னால் ஆணியில்,
இந்த வருடத்து நூல் தொங்குகிறது.
காய்ந்த காதுத் துண்டுகள், ஓரத்தில் பொடி ரோமம்.
எத்தனை என்று கேட்டால் சொல்லும்.
எது என்று கேட்டால்
காற்றில் கொஞ்சம் ஆடும்.